பழைய சிட்டியில் ஒரு எஸ்-ஏஎஃப்சி: எண்களைத் தொடுவதற்கு முன்னும் தொடும்போதும்

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். திருவனந்தபுரத்தில் 2002 மாடல் ஹோண்டா சிட்டி விடெக் ஒன்றை வாங்கியிருக்கிறார். முந்தைய உரிமையாளர் பொருத்திய அபெக்ஸி எஸ்-ஏஎஃப்சி பெட்டி (எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலை மறைமுகமாகக் கூட்டிக் குறைக்கும் மின்னணுக் கருவி) டாஷ்போர்டுக்குக் கீழே அப்படியே இருக்கிறது. ஐடிலிங் ஏறி இறங்குகிறது. முழுசாக மிதித்தால் கறுப்புப் புகை. லிட்டருக்கு 9 கிலோமீட்டர் தாண்டவில்லை. பெட்டியில் இப்போதுள்ள எண்கள் (சதவீதத்தில்): லோ த்ராட்டில் பக்கம், அதாவது ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாக மிதிக்கும்போது, எல்லா ஆர்பிஎம்மிலும் -8; ஹை த்ராட்டில் பக்கம், அதாவது அழுத்தி மிதிக்கும்போது, 4000-க்கு மேல் +6. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில், "ரெண்டு பக்கமும் மைனஸ் பத்துல வச்சுப் பாருங்க, மைலேஜ் கூடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். கோழிக்கோட்டு நண்பர் ஒருவர் தன் சிட்டியின் எண்களை அனுப்பியிருக்கிறார். இரண்டில் எதைப் போடுவது என்பது கேள்வி.

இரண்டையும் போடாதீர்கள் தம்பி. காரணம் புரிய வேண்டுமானால் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

எஸ்-ஏஎஃப்சி எரிபொருளை அளப்பதில்லை, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை இயக்குவதும் இல்லை. உங்கள் சிட்டியில் இன்டேக் மேனிஃபோல்டின் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயின்) அழுத்தத்தை ஒரு சென்சார் (எல்லாரும் மேப் சென்சார் என்பார்கள்) வோல்டேஜாக ஈசியுவுக்கு (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டருக்கு) அனுப்புகிறது. பெட்டி அந்த வயரின் நடுவே உட்கார்ந்துகொண்டு வோல்டேஜைக் கூட்டியோ குறைத்தோ அனுப்புகிறது. -8 வைத்தால், வந்த காற்றைவிடக் குறைவாகத்தான் காற்று வருகிறது என்று ஈசியுவிடம் பொய் சொல்கிறது. ஈசியு அதை நம்பிப் பெட்ரோலைக் குறைக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. சுருக்கமாகச் சொன்னால் இது ஒரு பொய் சொல்லும் கருவி. எவ்வளவு பொய், எந்த இடத்தில், யாரிடம் என்று தெரிந்து சொன்னால் பயன் உண்டு. தெரியாமல் சொன்னால் ஈசியு வேறு இடத்தில் பழிவாங்கிவிடும்.

உங்கள் வண்டியில் இப்போது நடப்பது அந்தப் பழிவாங்கல்தான் என்று நினைக்கிறேன். நிதானமாக ஓட்டும்போதும் ஐடிலிங்கிலும் ஈசியு சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. கலவையில் பெட்ரோல் குறைந்து லீன் ஆனால் பெட்ரோலைக் கூட்டும், பெட்ரோல் மிகுந்து ரிச் ஆனால் குறைக்கும். இதற்குக் குளோஸ்டு லூப் என்று பெயர். லோ பக்கத்தில் -8 வைத்த ஆள் மைலேஜுக்காக வைத்திருப்பார். ஈசியு என்ன செய்தது? சென்சார் "லீன், லீன்" என்று சொல்ல, அதே அளவு பெட்ரோலைத் திரும்பக் கூட்டிவிட்டது. மைலேஜ் கிடைக்கவில்லை. அது மட்டும் என்றால் போகட்டும். பல ஈசியுக்கள் இந்தத் திருத்தத்தை நிரந்தரமாகக் கற்று வைத்துக்கொள்ளும். முழுசாக மிதிக்கும்போது ஈசியு ஆக்சிஜன் சென்சாரைக் கேட்பதை விட்டுவிடுகிறது, ஆனால் கற்ற பாடத்தைக் கையோடு கொண்டுபோகிறது. கீழே கற்ற +8, அதன் மேல் பெட்டியின் +6. கறுப்புப் புகைக்கு இதற்கு மேல் விளக்கம் தேட வேண்டியதில்லை. இப்போது ஹை பக்கம் -10 வைத்தால் புகை நின்றுவிடும், உண்மைதான். நோயை அப்படியே வைத்துக்கொண்டு மேலே இன்னொரு பொய்யை அடுக்கியது போலாகும்.

-10 ஆபத்தாக வேறு இரண்டு காரணங்களும் இருக்கின்றன. மேப் சென்சாரின் சொல்லைக் கேட்டு ஈசியு பெட்ரோலை மட்டும் தீர்மானிப்பதில்லை, ஸ்பார்க் எப்போது அடிக்க வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. சுமை குறைவு என்று நம்பினால் டைமிங்கை முன்னே தள்ளும். ஆக, பெட்டியில் குறைத்தால் கலவை லீன் ஆவதோடு டைமிங்கும் அட்வான்ஸ் ஆகும். நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்து எஞ்சினைத் தட்டுவது) வருவதற்கு வேண்டிய இரண்டும் ஒரே பொத்தானில் கூடிவருகின்றன. எண் சின்னதாக இருந்தால் ஒன்றிரண்டு டிகிரிதான் நகரும். ஆனால் அந்த எஞ்சினின் வயது இருபதுக்கு மேல். பிஸ்டன் தலையில் எவ்வளவு கரி படிந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அடுத்தது பெட்ரோல். "மைனஸ் பத்து" என்ற கைவைத்தியம் பழைய பெட்ரோல் காலத்தில் பிறந்தது. அப்போது தொழிற்சாலைகள் முழு ஆக்சிலேட்டரில் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் ரிச்சாகவே விட்டிருந்தன. அதில் கொஞ்சம் பிடுங்கினால் பிக்கப் கூடும், எஞ்சினும் தாங்கும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2025-இல் நாடு முழுக்க அந்த அளவை எட்டிவிட்டார்கள். ஒரு கிலோ சுத்த பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். இ20 கலவைக்குக் கணக்கு சுமார் 13.5-இல் வந்து நிற்கும். 2002-இல் எழுதப்பட்ட ஈசியு கணக்கு இதை அறியாது. குளோஸ்டு லூப்பில் சென்சார் சொல்லித் திருத்திக்கொள்ளும். முழுசாக மிதிக்கும்போது திருத்த ஆளில்லாததால் கலவை பழைய காலத்தைவிட ஏழெட்டு சதவீதம் லீனாகவே போகும். அதில் பத்தையும் பிடுங்கினால் என்ன மிச்சம் இருக்கும்? எத்தனால் நாக்கிங்கைக் கொஞ்சம் தாங்கும் என்பது ஆறுதல்தான். அதை நம்பி பத்து குறைக்க நான் துணிய மாட்டேன்.

கோழிக்கோட்டு நண்பரின் எண்கள் அவர் வண்டிக்குத்தான் பொருந்தும். அவர் இன்ஜெக்டர் மாற்றியிருக்கலாம். நிமிடத்துக்கு 200 சிசி பீய்ச்சும் இன்ஜெக்டர் இருந்த இடத்தில் 250 சிசி போட்டால், பழைய அளவுக்குத் திரும்பவே -20 வேண்டும். அந்த எண்ணை நீங்கள் போட்டால் எஞ்சின் பட்டினி. இதே கணக்கை உங்கள் வண்டிக்கும் போட்டுப் பாருங்கள். லோவிலும் ஹையிலும் சீராக -18, -20 என்று இருந்திருந்தால், முந்தையவர் பெரிய இன்ஜெக்டர் போட்டிருக்கிறார் என்று சந்தேகப்பட்டிருப்பேன். லோவில் -8, ஹையில் +6 என்பது அப்படித் தெரியவில்லை. மைலேஜும் வேண்டும், பிக்கப்பும் வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு போட்ட எண்கள் இவை. இருந்தாலும் பானெட்டைத் திறந்து இன்ஜெக்டரின் எண்ணையும் நிறத்தையும் பார்த்து, சிட்டி விடெக்குக்கு வந்த ஒரிஜினல்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரிஜினல் இல்லையென்றால் இனி சொல்வதை அப்படியே செய்யக் கூடாது.

ஒரிஜினல்தான் என்றால் பெட்டித் திரையின் ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோட்டோ எடுத்து வைத்துவிட்டு, லோ, ஹை இரண்டையும் எல்லா ஆர்பிஎம்மிலும் பூஜ்யம் ஆக்குங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கொஞ்ச நேரம் கழற்றி வைத்து ஈசியு கற்ற பாடத்தை மறக்கச் செய்யுங்கள். பிறகு ஒரு வாரம் சாதாரணமாக ஓட்டுங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு.

அந்த வாரத்திலேயே வயரிங்கைப் பாருங்கள். நம் குமரி மாவட்டத்தில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். முட்டம், குளச்சல், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் நின்ற வண்டியானால் உப்புக் காற்று எர்த் பாயின்டுகளையும் கனெக்டர் பின்களையும் தின்றிருக்கும். நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஈரம் காயவே நேரமில்லை. பெட்டி வோல்டேஜில் சில்லறை அளவுகளை மாற்றும் கருவி. எர்த்தில் கால் வோல்ட் இழப்பு வந்தாலே உங்கள் +6, -8 எல்லாம் அர்த்தமற்றுப் போகும். பெட்டியின் எர்த் வயர் பக்கத்தில் கிடைத்த பாடி போல்ட்டுக்குப் போகக் கூடாது, ஈசியுவின் எர்த் வயரிலேயே சேர வேண்டும். வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது. சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போடச் சொல்லுங்கள். ஐடிலிங் ஏறி இறங்குவதற்குப் பாதி வண்டிகளில் இந்த டேப் இணைப்புதான் காரணமாக இருக்கிறது. மீதிப் பாதியில் விரிசல் விட்ட வேக்கம் ஹோஸ்.

கூடவே மற்ற வழக்கமான வேலைகள்: பிளக், ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர் சுத்தம், எரிபொருள் அழுத்தம். அழுத்தம் பார்க்கும்போது ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸைக் கழற்றினால் முள் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் ரெகுலேட்டர் போய்விட்டது. அதைப் பெட்டியால் சரிசெய்ய முடியாது. டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பகிர்ந்தனுப்பும் பாகம்) உள்ள எஞ்சின் என்பதால் டைமிங் லைட் போட்டு அடிப்படை டைமிங்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். யாராவது "பிக்கப்புக்காக" டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகி வைத்திருப்பார்கள்.

இவ்வளவும் முடிந்து வண்டி நன்றாக ஓடினால், என் யோசனை பெட்டியைக் கழற்றி வயரிங்கைப் பழையபடி ஆக்கிவிடுவதுதான். மாற்றம் எதுவும் செய்யாத 1.5 லிட்டர் எஞ்சினில் இந்தப் பெட்டி தருவது மிஞ்சிப்போனால் நாலைந்து குதிரைத்திறன். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்கள்), பெரிய த்ராட்டில் பாடி என்று ஏதாவது மாற்றியிருந்தால்தான் இதற்கு வேலை. உங்கள் கடைசி வரியில் "ஹெடரும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் மாற்றியிருக்கிறார்கள்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். தம்பி, அதுதான் முதல் வரியில் வந்திருக்க வேண்டிய செய்தி! அப்படியானால் ட்யூன் செய்வதற்கு நியாயம் இருக்கிறது. தொடர்ந்து படியுங்கள்.

வைட்பேண்ட் (கலவை எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்று அளந்து காட்டும் மீட்டர்) இல்லாமல் தொடாதீர்கள். வண்டியோடு வந்த ஆக்சிஜன் சென்சார் கலவை ரிச்சா லீனா என்று மட்டும் சொல்லும், 0.45 வோல்ட்டுக்கு மேலே கீழே தாவிக்கொண்டிருக்கும். எவ்வளவு ரிச் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதில் இணைத்த கலர் கலராக எரியும் மீட்டர்கள் அலங்காரத்துக்குத்தான் உதவும். போஷ் எல்எஸ்யு 4.9 சென்சார் போட்ட வைட்பேண்ட் மீட்டர் ஒன்று வாங்குங்கள். செகண்ட்ஹேண்டில் பெட்டிக்குக் கொடுக்கும் விலையைவிட அதிகமாகவே இருக்கும். காசு போடுவதானால் அதில் போடுங்கள். சென்சாருக்கான நட்டை கேட்டலிடிக் கன்வெர்டருக்கு (புகையைச் சுத்தப்படுத்தும் பாகத்துக்கு) முன்னால், குழாயின் மேல்பாதியில், சாய்வாக வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். அடிப்பக்கம் வைத்தால் குழாயில் சேரும் தண்ணீர் சென்சாரை உடைத்துவிடும். சென்சார் குழாயில் இருக்கும்போது மீட்டருக்குக் கரண்ட் கொடுக்காமல் ஓட்டாதீர்கள், கரி பிடித்து வீணாகும்.

மீட்டரை லாம்டாவில் வைத்துக்கொள்ளுங்கள். 14.7, 12.8 என்ற எண்கள் சுத்த பெட்ரோலுக்கானவை. இ20 ஊற்றிவிட்டு அந்த எண்களைப் பேசினால் ஆளுக்கொரு கணக்காகக் குழப்பம்தான். லாம்டா 1 என்றால் சரியான கலவை, எந்த எரிபொருளானாலும். அதற்குக் கீழே ரிச், மேலே லீன். முழு ஆக்சிலேட்டரில் டர்போ இல்லாத எஞ்சினுக்கு 0.86 முதல் 0.88 வரை நல்ல இடம். 0.90 தாண்டினால் காலை எடுத்துவிடுங்கள்.

ஒரு பொறியும் இருக்கிறது. மிஸ்ஸிங் ஆகும் (இடையிடையே கலவை எரியாமல் தவறும்) எஞ்சினில் எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும். வைட்பேண்ட் அதைப் பார்த்து "லீன்" என்று காட்டும். பார்ப்பவர் பெட்ரோலைக் கூட்டுவார், பிளக் நனைந்து மிஸ்ஸிங் இன்னும் கூடும், மீட்டர் இன்னும் லீன் காட்டும். ஹெடர் கேஸ்கெட்டில் சின்ன ஓட்டை இருந்தாலும் இதே கதைதான். வெளிக்காற்று உள்ளே போய்ப் பொய் லீன் காட்டும். உங்கள் வண்டியில் ஹெடர் மாற்றியிருப்பதால் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஹெடர் மூட்டுகளில் "டிக் டிக்" சத்தம் வருகிறதா என்று முதலில் கேளுங்கள்.

இனி அமைப்பு. பெட்டியில் சென்சார் வகை "பிரஷர்" என்றும் சிலிண்டர் 4 என்றும் இருக்கிறதா பாருங்கள். த்ராட்டில் எல்லையை லோவுக்கு 30 சதவீதம், ஹைக்கு 70 சதவீதம் என்று வைக்கலாம். நடுவில் பெட்டி இரண்டையும் கலந்து போட்டுக்கொள்ளும். லோ பக்கம் முழுக்கப் பூஜ்யம், அதைத் தொடவே வேண்டாம். அது ஈசியுவின் ராஜ்யம், அங்கே அது கற்கட்டும். நம் வேலை ஹை பக்கம் மட்டும். திருத்தம் செய்யும் வேறு பக்கம் ஏதாவது இருந்தால் அதுவும் பூஜ்யம்.

டைனோ (வண்டியை நிறுத்தி உருளைகளின் மேல் ஓட்டி அளக்கும் மேடை) இருந்தால் அங்கே செய்வதே சரி. கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ போக வேண்டியிருக்கும். சாலையில்தான் செய்வேன் என்றால் இரண்டாவது கியரில் மட்டும் செய்யுங்கள். 6500 ஆர்பிஎம் வரை போனாலும் வேகம் 90-ஐ ஒட்டித்தான் இருக்கும். மூன்றாவதில் 120 தாண்டிவிடும், அது நம் சாலைகளில் வேண்டாத வேலை. களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரைக்கும் உள்ள சாலையை மறந்துவிடுங்கள். தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் ஊர்ந்து வந்த எஞ்சினின் இன்டேக் காற்று கொதித்துப்போயிருக்கும், அந்த ரீடிங் எதற்கும் உதவாது. ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணறு போகும் சாலை தேவலாம். விடியற்காலையில், பக்கத்தில் மீட்டரைப் பார்த்து எழுத ஓர் ஆளோடு போங்கள். ஓட்டுகிறவர் மீட்டரைப் பார்க்கவே கூடாது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் கணவாயில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று உங்களுக்குத் தெரியும், முப்பந்தல் காற்றாலைகளே அதை நம்பி நிற்கின்றன. போகும்போது முதுகில் காற்று, வரும்போது முகத்தில். லாம்டா இதனால் மாறாது. எஞ்சினுக்குள் போகும் காற்றைத்தான் சென்சார் அளக்கிறது. ஆனால் 3000-இலிருந்து 6000 போக எத்தனை வினாடி என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பிக்கப்பை அளப்பவர்கள் ஏமாறுவார்கள். இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள். நாக்கிங்குக்குக் காது கொடுப்பதை மட்டும் காற்றுக்கு எதிரே ஓட்டும்போது வைத்துக்கொள்ளுங்கள், எஞ்சின் நீண்ட நேரம் சுமையில் இருப்பது அப்போதுதான். ஒரு செம்புக் குழாயின் நுனியைத் தட்டையாக்கித் துளைபோட்டு பிளாக்கில் ஒரு போல்ட்டில் மாட்டி, மறுமுனையில் ரப்பர் ஹோஸ் செருகி காதுமூடிக்குள் விடுங்கள். பட்டாணி வறுக்கும் சத்தம் கேட்டால் அதுதான் நாக்கிங். செலவு குறைந்த கருவி, பெட்டித் திரையில் நாக் எண் ஏதாவது காட்டினாலும் அதைவிட நான் இதைத்தான் நம்புவேன்.

எஞ்சின் நன்றாகச் சூடாகி ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நின்ற பிறகு, 2500-இல் தொடங்கி முழுசாக மிதித்து 6500 வரை ஒரே மூச்சில் போங்கள். ஒவ்வொரு ஆயிரத்திலும் லாம்டாவைக் குறியுங்கள். சைலன்சர் புகை சென்சாருக்கு வந்து சேரச் சற்றுத் தாமதம் ஆகும், மீட்டர் 5000-இல் காட்டுவது அதற்குச் சற்று முந்தைய நிலை என்று நினைவில் வையுங்கள். கணக்கு எளிது: வந்த லாம்டாவை வேண்டிய லாம்டாவால் வகுங்கள். 5000-இல் 0.80 வந்து, வேண்டியது 0.87 என்றால் 0.92, அதாவது -8. ஒரேயடியாக -8 போடாமல் -4 போட்டு மறுபடி ஓடிப் பாருங்கள். டைமிங்கும் கூடவே நகர்கிறது என்று சொன்னேனே, அதனால்தான் இந்தப் பாதி. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே மூன்று நாலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் எங்கோ தவறு என்று அர்த்தம், விடெக் (வால்வுகள் திறக்கும் விதத்தை மாற்றும் ஏற்பாடு) மாறும் இடம் மட்டும் விதிவிலக்கு.

லீன் வந்து கூட்ட வேண்டியிருந்தால் எச்சரிக்கை தேவை. மேப் சென்சார் வண்டியில் முழுசாக மிதிக்கும்போது மேனிஃபோல்டில் ஏற்கெனவே வெளிக்காற்றின் அழுத்தம்தான் இருக்கும். அதற்கு மேல் போகும் வோல்டேஜை டர்போ இல்லாத வண்டியின் ஈசியு எதிர்பார்ப்பதே இல்லை. கொஞ்சம் கூட்டினால் ஏற்கும், அதிகம் கூட்டினால் கண்டுகொள்ளாது, அல்லது செக் எஞ்சின் விளக்கைப் போட்டுவிடும். ஐந்துக்கு மேல் கூட்ட வேண்டியிருந்தால் பெட்டியை விட்டுவிட்டுப் பம்ப், ஃபில்டர், அழுத்தம் பக்கம் போங்கள். இன்ஜெக்டர் முழு வீச்சில் இருக்கிறதா என்பதையும் பார்க்கலாம். 6000 ஆர்பிஎம்மில் ஒரு முழு எரிப்புக்கு, அதாவது எஞ்சினின் இரண்டு சுற்றுக்கு, 20 மில்லி செகண்டுதான் நேரம், அதில் இன்ஜெக்டர் 17-க்கு மேல் திறந்திருந்தால் இனி அதற்குக் கொடுக்க ஒன்றுமில்லை.

மழை நாளில் முடித்த ட்யூனை ஏப்ரலில் ஒருமுறை சரிபாருங்கள். ஈரக்காற்று நாக்கிங்கை அடக்கி வைத்திருக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளரின் வரையறைக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர்தான் முதலில் கண்ணில் படும், பெட்டி பிறகுதான். புகைச் சோதனையில், உங்கள் வண்டி பாரத் ஸ்டேஜ் 2 தரத்தில் வந்ததென்றால், ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம் எல்லை. லோ பக்கத்தைப் பூஜ்யத்தில் விட்டு, கேட்டலிடிக் கன்வெர்டரும் உயிரோடு இருந்தால் அதில் தேறிவிடும். முந்தையவர் ஹெடர் போடும்போது கன்வெர்டரை வெட்டி எறிந்திருந்தால் தேறாது, அதைக் குனிந்து பார்த்துவிடுங்கள்.

பூஜ்யத்தில் ஒரு வாரம் ஓட்டிய பிறகு ஐடிலிங்கில் ஆக்சிஜன் சென்சார் வயரில் மல்டிமீட்டர் வைத்து, முள் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே தாவுகிறதா, ஒரே பக்கம் ஒட்டி நிற்கிறதா என்று எழுதுங்கள். இன்ஜெக்டர் எண், எரிபொருள் அழுத்தம் (ஹோஸ் மாட்டியும் கழற்றியும்), பழைய பிளக் நான்கின் ஃபோட்டோ ஆகியவையும் வேண்டும். பிளக்குகளை எந்த சிலிண்டரிலிருந்து எடுத்தது என்று வரிசையாக வைத்து எடுங்கள். ஒன்று மட்டும் கறுத்திருந்தால் பேச்சே வேறு.